பீடத்தில் வைத்த பதில்

கார்த்திகை மழையில் மலை சரிந்து, குடியிருந்த லய வீட்டோடு மண்ணுக்குள் போன யாகோப்பை இன்னும் எடுத்தபாடில்லை. பதுளைத் தேயிலைத் தோட்டமொன்றில் காலமெல்லாம் கொழுந்து பறித்த அவர் மனைவி செசிலி, மகள் டிலானியோடு நிவாரண முகாம் டிவியில் பாராளுமன்றம் பார்த்துக்கொண்டிருந்தாள். தோண்டுவதை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அமைச்சருக்கு எழுதி வந்த பதிலை வாசிக்கவும் பொறுமையில்லை. "பதிலைச் சபாபீடத்தில் வைக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

செசிலி எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒங்கப்பாவைப் பீடத்துல வச்சுட்டாங்கடி. இனி கட்டாயம் எடுத்துருவாங்க."

அது மாதா கோயில் பீடமில்லை, காகிதம் போடும் மேசை என்று சொல்ல டிலானி வாயெடுத்தாள். அதற்குள் செசிலி, அவர் அடக்கத்துக்கென்று வாங்கிய வெள்ளை வேட்டியை உதறி, ஈரவாடை போக வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள்.