அழுகை அக்கா

தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு வியாழக்கிழமைதோறும் அவள் மருத்துவக் கல்லூரிக்கு அழப் போவாள். கேலி இல்லை, வேலையே அதுதான். மரணச் செய்தியை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று மாணவர்கள் பழக வேண்டும். பழக ஒரு மனைவி வேண்டும். மாணவன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா" என்பான். "போயிட்டார்" என்று மழுப்பினால், "எங்க போயிட்டார்?" என்று மடக்குவாள். பிறகு அழுவாள். அழுது முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்ன விதம் எப்படி என்றும் அவளே சொல்ல வேண்டும். அழுகை அக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர்.

புருஷன் பஸ் டிரைவர். பேச்சுக்குப் பேச்சு கிண்டல். "வாரா வாரம் என்னைக் கொன்னுட்டு வர்றே. செத்துட்டான்னு சொல்லச் சொல்ல ஆயுசு கெட்டியாம்."

கெட்டியாக இல்லை. ஒரு நாள் பணிமனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதே கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவசரப் பிரிவு வாசலில் அவளும் மகளும் காத்திருந்தார்கள். வெளியே வந்த இளம் டாக்டர் அவளிடம் பழகித் தேறியவன். அவளைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனான். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்க்கா."

அவள் அழுதாள். அந்த அழுகையில் பொட்டுப் பொய் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் அழுது ஓய்ந்தபோது கை தானாக முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தது. வாயும் தானாகப் பேசியது.

"நல்லா சொன்னீங்க தம்பி. அவசரப்படல. நாற்காலிய மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்ட போட்டிருக்கலாம்."

டாக்டர் தலை குனிந்துகொண்டான். அம்மாவின் தோளில் இருந்த கையை மகள் எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் வெட்கமாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் அவளால் அழவே முடியவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாளே. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தபந்தம் முணுமுணுத்தது.

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னைக்கு அப்பாவுக்காகத்தான் அழுதியாம்மா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். மகளும் அதற்காகத்தான் கேட்டாள். அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கை முந்தானைக்குப் போயிற்று. பாதியிலேயே கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கே தெரியலடி," என்றாள்.