கம்பெனிப் பணத்தில் படிப்பதா

டொலீடோ நகரில், ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த கியர்பாக்ஸ் ஆலையில் டார்லா நோவிட்ஸ்கி மெக்கானிக். இயந்திரம் நின்றால் அதனடியில் படுத்து எண்ணெயில் நனைந்து எழுந்திருப்பதுதான் அவள் பிழைப்பு. நாற்பதை நெருங்கும்போது முழங்கால்கள் படிக்கட்டைக் கண்டாலே முனகத் தொடங்கின. ஆலையின் சோதனைப் பிரிவில் ஓர் இடம் காலியானதும் விண்ணப்பித்துப் பார்த்தாள். நான்கு வருடப் பட்டம் இல்லாதவர்களை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை.

அவளிடம் இருந்தது இரண்டு வருடப் படிப்பு. முழுப் பொறியியல் படிக்கப் போனால் அதில் பாதியைக்கூட ஏற்க மாட்டார்கள்; கணக்குப் பாடத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டும். இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் என்றால் பழைய பாடங்கள் அப்படியே செல்லும், மாலை வகுப்பிலேயே முடித்துவிடலாம். அந்தப் பட்டம் வாங்கிய கர்டிஸ் அதே ஆலையில் இருந்தான். மதியச் சாப்பாட்டின்போது அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள்.

"சில இடத்துல இதெல்லாம் ஒரு இன்ஜினியரிங்கான்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க," என்றான் அவன். "இன்ஜினியர் லைசென்ஸ் வேணும்னா கூடுதலா காத்திருக்கணும், சில மாநிலத்துல அதுவும் கிடையாது. புதுசா டிசைன் பண்ற வேலைக்கு ஆசைப்பட்டா இந்தப் பக்கம் வராத. சோதனை, உற்பத்தின்னா தாராளமா படி."

அவளுக்கு வேண்டியதும் சோதனைப் பிரிவுதான். கட்டணம்தான் தடை. கணவன் ரஸ் கூரை வேலையில் தோள் தசை கிழிந்து பல மாதமாக வீட்டில் இருந்தான். மாலை வகுப்புக்குப் போனால் ஓவர்டைம் சம்பளமும் போய்விடும். கம்பெனி கட்டணத்தைத் தர முன்வந்தது. ஒரு நிபந்தனை: படித்து முடித்த பிறகு மூன்று வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மொத்தத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

ரஸ்ஸுக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டியதுதானே என்றான். ஆனால் ஆலையை மூடி வேலையைத் தெற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோகப்போகிறார்கள் என்று லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெரிய இயந்திரங்களைக் கழற்றித் துணி போர்த்தியதை டார்லாவே பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை சேர்க்கைக்குக் கடைசி நாள். புதன்கிழமை மேலாளர் பிரைஸ் ஹாலெட்டின் அறைக்குப் போனாள்.

"ஆலையை நீங்களே மூடிட்டா, பணத்தை நான் திருப்பிக் கட்டணுமா, பிரைஸ்?"

"அப்படி ஒரு பேச்சே இல்ல, டார்லா."

"பேச்சே இல்லன்னா எழுதித் தர்றதுல கஷ்டம் இல்லையே."

ஹாலெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது மேலிடம் முடிவு பண்றது," என்றார். அவள் கையெழுத்துப் போடாமலே வெளியே வந்தாள். இருபது வருடம் தெரிந்த மனிதர் தன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் ரஸ் கொதித்துப் போனான். சும்மா கிடைக்கிற பணத்தை வதந்தியை நம்பி உதைத்துத் தள்ளுகிறாள் என்றான். முதல் பருவக் கட்டணத்தை எங்கே புரட்டுவது என்று கேட்டான். அவள் கொல்லைப்புறத்தைக் கை காட்டினாள். அங்கே அவனுடைய மீன்பிடிப் படகு நின்றது.

"அதையா விக்கச் சொல்ற?"

"ஆமா."

அன்று ரஸ் சூப்பைச் சூடாக்கித் தனியாகச் சாப்பிட்டான், சோபாவில் படுத்தான். மறுநாளும் அப்படியே. இது படிப்போடு நிற்காது, கல்யாணமே உடைந்துவிடுமோ என்று பயந்துகொண்டு அவள் வேலைக்குப் போய் வந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் திரும்பியபோது படகு இல்லை. ரஸ் சமையலறையில் நின்றிருந்தான்.

"மீன் கடையிலயும் கிடைக்கும்," என்றான், அவளைப் பார்க்காமல். "காலேஜ்ல அஞ்சு மணிக்கு மூடிடுவாங்களாம். கிளம்பு."

அவள் படிப்பில் சேர்ந்த பிறகு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஆலை மூடப்பட்டது. கம்பெனிப் பணத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. தொழிற்சங்கம் ஒரு வருடம் மல்லுக்கட்டிப் பாதியைத் தள்ளுபடி செய்யவைத்தது. அந்தப் பாதியைக் கட்டியவர்களில் ஒருவன், சந்தையில் டார்லாவைப் பார்த்து, உனக்கு முன்னாலேயே தெரியும், எங்களிடம் சொல்லவில்லை என்று பொரிந்து தள்ளினான். அவள் ஆலையின் சாப்பாட்டு மேசையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அவன் அன்று சிரித்தான். அதை நினைவூட்டாமல் நின்று கேட்டுக்கொண்டாள்.

பட்டப்படிப்பு பாதி முடிந்திருந்தபோதே ஒரு பம்ப் சோதனைக்கூடம் அவளை எடுத்துக்கொண்டது, முடித்தாக வேண்டும் என்ற கண்டிப்போடு. சம்பளம் பழைய ஓவர்டைமோடு சேர்த்துப் பார்த்தால் குறைவு. இரண்டு வருடம் வீடு இழுத்துப் பிடித்துத்தான் ஓடியது. ரஸ் முழுதாகச் சரியாகாத தோளோடு பள்ளிப் பேருந்து ஓட்டினான். நாற்பத்து மூன்றாம் வயதில் பட்டம் வாங்கினாள். பழைய வருமானத்தை எட்ட மேலும் மூன்று வருடம் ஆயிற்று.

போட்ட காசு திரும்பிவிட்டதா என்று ரஸ் ஒருநாள் கேட்டான். இன்னும் இல்லை என்றாள் அவள். அடுத்த வருடம் வந்துவிடும் என்று அவன் சொல்லிக்கொண்டே அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தான்.