ஐந்து தகடுகளுக்கு நைட்ரஜன்

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. செஞ்சியில் திண்டிவனம் சாலையில் நானும் என் கல்லூரித் தோழியும் லேசர் கட்டிங் பட்டறை ஆரம்பித்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பால் பண்ணை இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனி முதன்முறையாக எங்களிடம் நாற்பது எவர்சில்வர் தகடுகள் வெட்டக் கொடுத்திருந்தது. மாலை நாலு மணிக்கு வேன் வரும். நாற்பதும் சரியாக இருந்தால் மாதாமாதம் வேலை; இல்லாவிட்டால் சென்னையிலேயே கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

லேசர் உலோகத்தை உருக்கும். உருகியதை ஊதித் தள்ள ஒரு வாயு வேண்டும். சாதா இரும்புக்கு ஆக்சிஜன் போதும். எவர்சில்வருக்கு ஆக்சிஜனை ஊதினால் வெட்டிய ஓரம் கருகிவிடும். நைட்ரஜன் விட்டால்தான் ஓரமும் பளபளவென்று இருக்கும். பால் படுகிற சாமான் என்பதால் கறுத்த ஓரத்தை அவர்கள் தொடக்கூட மாட்டார்கள்.

முப்பத்தைந்தாவது தகடு முடிந்ததும் நைட்ரஜன் தீர்ந்துபோனது. மணி இரண்டரை. தோழி என்னை முறைத்தாள். முறைக்காமல் என்ன செய்வாள்? முந்தின நாள் தொண்டூரிலிருந்து என் உறவினர்கள் மெஷினைப் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக மெஷின் வைத்த முதல் ஆள் நான். பெருமை பிடிபடவில்லை! எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை வடிவத்தில் ஆளுக்கொரு எவர்சில்வர் கீ செயின் வெட்டித் தள்ளினேன். நைட்ரஜன் எவ்வளவு மிச்சம் என்று யார் பார்த்தது!

"ஆக்சிஜன் இருக்குதே, அதுல போட்டுப் பார்க்கலாமா?" என்றேன்.

"போடேன். தீஞ்சுபோன தோசை மாதிரி வரும்" என்றாள்.

ஒரு துண்டுத் தகட்டில் போட்டேன். அப்படியே வந்தது. சிலிண்டர் கொடுப்பவரோ மறுநாள்தான் வர முடியும் என்றார். அப்போதுதான் டயர் கடையில் 'நைட்ரஜன் காற்று' என்று போர்டு பார்த்தது ஞாபகம் வந்தது. ஸ்கூட்டியில் பறந்தேன். விஷயத்தைக் கேட்டதும் டயர் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாம்மா நீ, இது டயருக்கு ஊதுற காத்து. இந்த பிரஷர்ல தகடு எங்க அறுக்கும்? பக்கத்து தெருவுல ஏசி மெக்கானிக் பாய் கிட்ட போ. குழாய் டெஸ்ட் பண்ண நைட்ரஜன் சிலிண்டரே வெச்சிருக்காரு."

ஓடினேன். பாயின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாரம் முன்பு ஏசி ஸ்டாண்டுக்காக ஒரே ஒரு இரும்புத் தகட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தவர் இவர்தான். ஒரு தகட்டுக்கெல்லாம் மெஷின் ஓட்ட முடியாது என்று, உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பியவள் நான்தான். அவமானமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"உனக்கு எத்தினி தகடு பாக்கி, தங்கச்சி?" என்றார்.

"அஞ்சு, பாய்."

"அஞ்சா? அப்ப தாராளமா மெஷின் ஓட்டலாம்!" என்று கண் சிமிட்டினார்.

ஒரு கல்யாண மண்டபத்து வேலைக்காகக் குட்டியானை வண்டியில் இரண்டு சிலிண்டர்களை அப்போதுதான் ஏற்றிக் கட்டியிருந்தார். மண்டபத்துக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காத்தால வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எங்கள் பட்டறைக்கே திருப்பிவிட்டார்.

முப்பத்தாறாவது தகடு வெளியே வந்தது. ஓரம் வெள்ளிபோல மின்னியது! "அல்லாவே, இன்னா பளபளப்பு!" என்று எங்களைவிட அவர்தான் அதிகம் கூச்சல் போட்டார். மூன்று பேரும் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இறங்கிக்கொண்டே வந்தது. நாற்பதாவது தகடு விழுந்தபோது இரண்டாவது சிலிண்டரில் கொஞ்சம்தான் மிச்சம். வாசலில் வேன் ஹாரன்! வந்தவர் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, "அடுத்த மாசமும் இதே மாதிரி குடுங்க" என்றார். நானும் தோழியும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

பாய்க்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் தலையைச் சொறிந்தபடி, "அந்த ஒரு தகடு இன்னும் வண்டியிலதான் கெடக்குது, தங்கச்சி" என்றார்.

ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி, அந்த இரும்புத் தகட்டை நானே வெட்டிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் கூடுதலாக ஒரு நைட்ரஜன் சிலிண்டர் எங்கள் பட்டறையில் தொடாமலே நிற்கிறது. யாராவது ஒரே ஒரு தகட்டோடு வாசலில் தயங்கினால், நாற்காலியை இழுத்துப்போட்டு முதலில் உட்காரச் சொல்கிறேன்; அன்று ஏசி கடை வாசலில் தலைகுனிந்து நின்றது நான்தானே.