சும்மா ஓடுகிறவன்

இங்கே ரோட்டில் ஒருவன் ஓடினால் அவனை ஓடவிடமாட்டார்கள். உடுமலைப்பேட்டைக்கு வெளியே நான் முதன்முதலாக ஓடத் தொடங்கிய காலையில் இரண்டு தென்னந்தோப்புகளைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன், பால் கேன் தொங்கிய மொபெட் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. "ஏனுங்க, பஸ்ஸை உட்டுட்டீங்களா? ஏறுங்க, புடிச்சுப்போடலாம்." பஸ்ஸுக்காக ஓடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பிறகெதற்கு ஓடுகிறாய் என்று கேட்பார். வாயைத் திறந்தால் இலங்கைப் பேச்சு என்று தெரிந்துவிடும். எங்கே தங்கியிருக்கிறாய், போலீஸ் ஸ்டேஷனில் பதிந்தாயா என்று கேள்வி வளரும். பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். அவர் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய், புறப்பட்டுவிட்ட திருப்பூர் பஸ்ஸைக் கைதட்டி நிறுத்தியும் கொடுத்தார். அதில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பினேன். மறுநாள் வேறொருவர் வண்டியை நிறுத்தினார். "ஊட்ல ஆருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?" அவர் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்.

ஓடுவது என் ஆசையில்லை, டாக்டர் சொன்ன வைத்தியம். எனக்கு இங்கே கொப்பரைக் களத்தில் வேலை. உடைத்த தேங்காய்களை வெயிலில் பரப்பிக் காயவைப்போம். வானம் கறுத்தால் தார்ப்பாய் இழுத்து மூடவேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி என்னைக் காட்டிச் சொல்வார்: "நம்ம ஆளுக மழை வந்தப்பறந்தான் ஓடுவாங்க. இவரு மழை வருமோன்னே ஓடுவாரு." பயந்த சுபாவத்துக்குச் சம்பளம் கிடைப்பது இந்த ஒரு வேலையில்தான் போலும். ஆனால் அறைக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சுபாவம் வேலையை நிறுத்தாது. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். அவர் போனதால்தான் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இருதயத்துல ஒண்ணுமில்லீங்க, பயம்தான் சாஸ்தி. காலையில நடங்க, பழகுனா ஓடுங்க" என்றார். அவர் சரியாகக் கேட்டாரா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

ஊரில் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் ஒரே ஒருமுறை என்னை ஓட நிறுத்தினார்கள். விசில் ஊதுவதற்கு முன்பே நான் கக்கூசுக்கு ஓடிவிட்டேன். அதன்பிறகு யாழ்ப்பாணத்தில் நான் ஓடிய ஓட்டமெல்லாம் வேறு. ஹெலிகொப்டர் சத்தம் கேட்கும், ஒழுங்கையில், அதாவது எங்கள் சந்தில், யாராவது ஒருவர் ஓடுவார், உடனே எல்லோரும் ஓடுவோம். என்ன, ஏது என்று விசாரிப்பது பங்கர் குழிக்குள் போய் விழுந்த பிறகுதான். ஒரு தடவை என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடிவந்த அயல்வீட்டு மனுசி பாதியில் கையை விட்டுவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வேறொரு வீட்டு வளவுக்குள் புகுந்து தப்பியிருந்தது மறுநாள்தான் தெரிந்தது. என் நெஞ்சு வேகமாக அடித்த நேரங்களெல்லாம் இப்படிப்பட்டவை. அதனால் அது கொஞ்சம் வேகம் எடுத்தாலே ஏதோ வருகிறது என்று உடம்பு முடிவுகட்டிவிடும். அந்தப் பயத்தில் இன்னும் வேகமாக அடிக்கும். பயமில்லாமலும் நெஞ்சு வேகமாக அடிக்குமா? எனக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது.

ரோட்டை விட்டுவிட்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். ஜீப் போகிற அளவுக்கு அகலமான மண்பாதை, இருபுறமும் தென்னை. மொபெட்டுகள் அதிகம் வராது. முதல் வாரம் ஒரு தோப்பின் நீளம் ஓடுவதற்குள் விலாவில் கத்தி இறங்கியது போல் வலிக்கும். நின்று, குனிந்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, செத்துவிடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி ஓடுவேன். பிறகு ஒரு மோட்டார் ரூம்வரை போக முடிந்தது. அப்புறம் துணி துவைக்கிற படிவரை. ஒரு காலை மோட்டார் ரூம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே கவனிக்காமல் தாண்டியிருந்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒரு எருமை நின்றது. வாய்க்கால் வளையும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதுவரை நிற்காமல் ஓடிவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று, கோயிலில் நேர்ந்துகொள்வதுபோல், மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். வாய்க்கால் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. படியைத் தாண்டியபோது பின்னால் கூச்சல் கேட்டது. பிறகு காலடிகள், ஒன்றல்ல, பல. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது, வேகத்தைக் கூட்டினேன். நான் வேகத்தைக் கூட்டியதைக் கண்டு அவர்களும் கூட்டினார்கள். மதகு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கால் தடுக்கி விழுந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டேன்.

"எங்கீங்க? எந்தப் பக்கம் போச்சு? ஆளா, மாடா?"

அண்ணாந்து பார்த்தேன். ஆறேழு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் தோளில் வடக்கயிறு, இன்னொருவர் கையில் நீள மூங்கில். அந்தக் கரையோரம் தோப்பு வைத்திருக்கிற பழனிச்சாமி அண்ணன்தான் கயிற்றோடு வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. தண்ணீர் விட்டிருக்கும்போது கரையில் ஒருவன் ஓடினால், வெள்ளம் அடித்துக்கொண்டு போகிற யாரையோ பார்த்துத்தான் ஓடுகிறான் என்று இங்கே அர்த்தமாம். அதற்காகவே ஒவ்வொரு மோட்டார் ரூமிலும் கயிறு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

"ஆளில்லை அண்ணை. நான் சும்மா ஓடினேன்."

"சும்மாவா? சும்மா எதுக்குங்க ஓடோணும்?" என்று மூங்கில்காரர் சிரித்தார்.

பழனிச்சாமி அண்ணன் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கியபடி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரி, சும்மா ஓடுனீங்க. எங்களைக் கண்டு ஏனுங்க ஓடுனீங்க?"

எழுந்து, கைகளில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். பின்னால் ஓடிவருகிறவர்களின் கையில் கயிறு இருந்தால் அது யாரையாவது தூக்கிவிடுவதற்காகவும் இருக்கலாம் என்பது, முப்பத்தாறு வயதில் எனக்குப் புதிய செய்தி. அவர் ஒரு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் களத்தில் என்னோடு வேலைசெய்கிற சரோஜாக்கா பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "ஏனுங் சிலோன்காரரே, ஊரையே ஓட வெச்சுப்போட்டீங்களாமா? என்ற ஊட்டுக்காரரும் ஓடியாந்தாராமா. கலியாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுசன் ஓடி நான் பாத்ததில்ல போங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஓடுவதை நிறுத்திவிட்டேன். இரவில் படபடப்பு, போனவன் திரும்பி வந்ததுபோல், அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

சில வாரம் கழித்துக் காய் லோடோடு பழனிச்சாமி அண்ணன் களத்துக்கு வந்தார். தராசுப் பக்கம் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, ஓட்டத்தை நிறுத்திப்போட்டீங்களா?"

"உங்களுக்கெல்லாம் வீண் கரைச்சல் அண்ணை."

"அட போச்சாது போங்க. நீங்க ஓடுங்க. போறப்போ ஒரு கொரல் மட்டும் குடுத்துப்போட்டு ஓடுங்க, நாங்க கவுத்தை எடுக்க மாட்டோம்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்குக்கூட ஊர்ப்பெயரை மட்டும் மெல்லச் சொல்லிப் பழகியவன் நான். இந்தத் தேசத்தில் அதுவரை நான் சத்தம் போட்டதே இல்லை. முதல்நாள் காற்றுதான் வந்தது. மறுநாள் இரண்டாவது மோட்டார் ரூமைத் தாண்டும்போது எப்படியோ கத்திவிட்டேன்: "சும்மாதானுங்க!" தோப்புக்குள்ளிருந்து யாரோ, "ஓடுங்க, ஓடுங்க" என்றார்கள். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. கொஞ்ச நாளில் கத்தவும் தேவைப்படவில்லை. மண்வெட்டியோடு நிற்பவர்கள் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

மதகை அடைந்தது ஒரு மேகமூட்டமான காலை. படியைத் தாண்டினேன், விழுந்த இடத்தையும் தாண்டினேன். தொடை நடுங்கியது, வாயில் இரும்புச் சுவை. நெஞ்சு முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் அடித்தது. வழக்கம்போல் பயத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மதகின் இரும்புச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எனக்குள் அடிப்பது உழைத்துக் களைத்த ஒரு தசை மட்டும்தான் என்பது தெரிந்தது. அழவேண்டும் போல் சந்தோஷமாக இருந்தது. பாதையைத் திரும்பிப் பார்த்தேன். நீளத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. யாரும் துரத்திவராத அந்தப் பாதையைத்தான் நான் விரும்பியிருந்தேன். ஆனாலும் அந்தக் கணத்தில், கயிற்றோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது ஒருவர் ஓடிவந்திருக்கலாம் என்று தோன்றியது.

சரோஜாக்காவிடம் சொன்னேன். மதகுக்கு இங்கே ஷட்டர் என்றுதான் பெயர். "ஷட்டர் வரைக்குமா? போயி என்னங்க பண்ணுனீங்க?" என்றார்.

"திரும்பி வந்தேன்."

"அது செரி" என்று சொல்லிவிட்டுத் தேங்காயைப் புரட்டப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் கனடாவிலிருந்து தம்பியின் அழைப்பு வரும். எங்கள் குடும்பத்தில் மிச்சம் அவனும் நானும்தான். சுகம் விசாரித்து முடிந்ததும், அடக்கமுடியாமல் சொன்னேன்: "டேய், நான் மதகு வரைக்கும் நிக்காமல் ஓடினனான்."

அவன் குரல் மாறியது. "ஆர் அண்ணா கலைச்சவங்கள்? பொலிசே?"

கலைப்பது என்றால் எங்கள் பேச்சில் துரத்துவது. "ஒருத்தரும் கலைக்கேல்லையடா. நானாத்தான் ஓடினனான். பயமில்லாமல் ஓடினனான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டர்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் தம்பி, சின்ன வயதில் மாங்காய் கேட்பதுபோல் கேட்டான்: "எனக்கும் இரவிலை நெஞ்சு அடிக்கிறது, அண்ணா. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. முதல்நாள் எவ்வளவு தூரம் ஓடவேணும்?"

"ஒரு தோப்பின்ரை நீளம்" என்றேன். அங்கே தோப்பு ஏது? "ரெண்டு லைட் போஸ்ட்டடா. நோகும். பயப்பிடாதை."

இப்போது நான் விடியலில் கரையில் கால் வைக்கும்போது, அவனுக்கு முந்தைய நாளின் இரவு. பனி கிடக்கிற ஏதோ ஒரு தெருவில், விளக்குக் கம்பத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையில் அவன் ஓடிக்கொண்டிருப்பான். அங்கே யாரும் அவனை நிறுத்திக் கேட்பதில்லையாம். அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்காது, என்னுடையது அவனுக்குக் கேட்காது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் புல் முளைத்திருக்கும். அங்கே ஓட இருவருமே இல்லை.