நான்கு நல்ல பற்கள்

ஸர்க்கா நகர நீதிமன்ற வாசலில் பெண்களைச் சோதனை போடும் மைசூன் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. திரைக்குப் பின்னால் நின்று, "பையைத் திற" என்பாள். அந்தக் குரலுக்கே சிலர் அவள் கேட்காத நகவெட்டியையும் எடுத்து வைத்துவிடுவார்கள். வயது முப்பத்தெட்டு. மேல்வரிசையில் இரண்டு தெற்றுப்பற்கள். கீழ்வரிசை, நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டம் மாதிரி. பேசும்போது தலைத்துணியின் நுனி தானாக வாய்க்கு வந்துவிடும்.

எதிரே இருக்கும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். காலை எள் ரொட்டியும் தேநீரும் அவளோடுதான். சோதனையில் பிடித்து வைத்த கைக்கண்ணாடிகளில் ஒன்றை, ஆளில்லாத நேரத்தில் அவள் திறந்து உதட்டைத் தூக்கிப் பார்ப்பதை இரண்டு முறை கண்டிருக்கிறேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முன்பு ஒரு தனியார் பல் மருத்துவரிடம் போனாளாம். அவர் சொன்ன தொகை அவளுடைய எட்டு மாதச் சம்பளம்.

சென்ற அக்டோபரில் ஓர் இளம்பெண், வாரிசுப் பத்திரம் வாங்க மூன்று நாள் தொடர்ந்து வந்தாள். மூன்று நாளும் மைசூனின் முகத்தையே பார்த்தாள். நான்காம் நாள் வேலை எதுவும் இல்லாமலே வரிசையில் நின்றாள்.

"அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறா. காப்பி போட்டு வை, தங்கச்சி" என்றார் ஆண்கள் பக்கம் சோதனை போடும் அபூ கைஸ்.

"உள்ள அடைச்சிருக்குற எவனுக்கோ சாமான் கடத்த ஆள் தேடுறா. உங்க கண்ணுக்கு எல்லாமே கல்யாணம்."

அந்தப் பெண்ணின் பையை மைசூன் இரண்டு முறை கொட்டினாள். அடியில் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்று கிடந்தது.

"இது எதுக்கு?"

"நான் பல் டாக்டர் அக்கா, பேரு ரஸான். பல்லை வரிசைப்படுத்துற மேற்படிப்பு படிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. பரீட்சைக்கு எனக்கு உங்கள மாதிரி ஒரு வாய் வேணும். காசு ஒண்ணும் வேணாம்."

பல் மருத்துவம் படிப்பவர்கள் நோயாளியைத் தாங்களே தேடிப் பிடிப்பது இங்கே புதிதல்ல. கல்யாண வீட்டில்கூட நம் வாயை எடை போடுவார்கள். ஆனாலும் மைசூன் மறுநாள் ரஸான் கொடுத்த ஆங்கிலத் தாள்களோடு என்னிடம் வந்துவிட்டாள்.

"சும்மா கொடுக்குறவன் கையில என்ன இருக்குன்னு பாக்கணும். சின்ன எழுத்தை முதல்ல படி."

படித்தேன். இடம் உண்டாக்க, சொத்தையில்லாத நான்கு பற்களைப் பிடுங்க வேண்டும். சிகிச்சை இரண்டரை வருடம். நடுவில் மருத்துவர் படிப்பை முடித்துவிட்டால் நோயாளி இன்னொருவரிடம் ஒப்படைக்கப்படுவார்.

"இவ எப்ப முடிக்கிறா?"

தொலைபேசியில் கேட்டோம். இன்னும் எட்டு மாதம்.

"ஓட்டை போடுறவ இவ. மூடுறவன் யாருன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றாள் மைசூன்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடுப்பு போட்டு, பஸ் ஏறி, ரஸான் படிக்கும் கல்லூரியின் காத்திருப்புக் கூடத்தில் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் விசாரணை. பல்லில் கம்பி கட்டியிருந்த ஒரு பள்ளி ஆசிரியை, "எனக்கு இவரு மூணாவது டாக்டர். ஒவ்வொருத்தரும் வந்து, முன்னால இருந்தவரு செஞ்சது சரியில்லைன்னுதான் ஆரம்பிக்கிறாங்க" என்றாராம். ஆனால் அந்த ஆசிரியை வாயை மறைக்காமல் சிரித்தாராம். மைசூன் அதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

மறுவாரம் தேநீர்க்கடைக்கு ரஸானை வரவழைத்தாள். நானும் இருந்தேன்.

"உனக்கப்புறம் யாரு? பேரைச் சொல்லு."

"அதை நான் முடிவு பண்ண முடியாதுக்கா."

"அப்ப பிடுங்காமச் செய்."

"இடமே இல்லையே. எங்க நகத்துறது?"

"மேல ரெண்டு மட்டும் எடு. ஓட்டை மூடட்டும். கீழ அப்புறம் பேசுவோம்."

"பாதி வாயைக் காட்டி நான் எப்படி பாஸாகுறது?" ரஸான் தாள்களைச் சுருட்டிப் பையில் திணித்தாள். "ஆரம்பிச்சவங்களே முடிக்கணும்னா முதல் வருஷத்துப் பசங்ககிட்டதான் போகணும் நீங்க. அவங்களுக்கு ஊசி பிடிக்கவே இன்னும் கை நடுங்குது."

கோபத்தில்தான் சொன்னாள். மறுவாரம் மைசூன் மீண்டும் விடுப்பு கேட்டபோதுதான், அந்தச் சொல்லை அவள் அப்படியே பிடித்துக்கொண்டது எனக்குப் புரிந்தது.

இம்முறை அவள் கூடத்தில் உட்காரவில்லை. வகுப்பு விடும் படிக்கட்டில் நின்றாள். இறங்கி வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, எத்தனையாவது வருஷம் என்று கேட்டாள். அகப்பட்டவன் ஸுஹைப். மேற்படிப்பில் முதல் வருடம், இன்னும் மூன்றரை ஆண்டு பாக்கி. அவளது வாயைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததாம்.

"மேல ரெண்டு, கீழ ரெண்டு எடுக்கணும் காலா" என்றான், அரபியில் சித்தியை அழைப்பதுபோல.

"எடுப்ப. கை நடுங்குமா?"

"பிடுங்குறது நானில்ல, எங்க வாத்தியார். அதுக்கப்புறம் எல்லாம் நான்தான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"வளைகுடாவுக்குக் கூப்பிட்டுக்க அண்ணன் தம்பி யாராவது?"

"மாமா இருக்காரு. குவைத்துல."

மைசூன் தலைத்துணியின் நுனியை வாயிலிருந்து எடுத்தாள். "பாஸ்போர்ட்?"

"காலாவதி ஆயிடுச்சு."

"கொண்டு வந்து காட்டு."

அடுத்த செவ்வாய் அவன் அதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தான். மைசூன் தேதியைப் பார்த்தாள், விளக்குக்கு எதிரே தூக்கிப் புரட்டியும் பார்த்தாள். பிறகு சிகிச்சைத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.