ஏறி இறங்கிய வோல்டேஜ்

என் மகள் சேலையூர் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போன ஐப்பசியில், கஸ்டமரோடு பேசும்போதே மூன்று நாள் தொடர்ந்து கம்ப்யூட்டர் அணைந்துபோனது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

"ப்ராசஸர் வோல்டேஜ் ஏறி ஏறி இறங்குதுப்பா," என்று மகள் திரையில் ஓர் எண்ணைக் காட்டினாள்.

எனக்குத் தெரிந்த வோல்டேஜ் ஒன்றுதான். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 'வோல்டேஜ் இல்லை' என்போமே, அது. கரண்ட் ஆபீசில் போய்ச் சத்தம் போட்டேன். ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். எண் அடங்கவில்லை.

"இது பெட்டிக்குள்ள இருக்கிற வோல்டேஜ்ப்பா!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பெட்டியைக் கேம்ப் ரோடு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப் போனேன். ஆயுத பூஜைக்கு முன்னால் அதைத் திறந்து தூசி தட்டிக் கொடுத்தவன் அந்தக் கடைக்காரன்தான். பெட்டி மேலிருந்த சந்தனம் குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சார், மெஷினுக்குப் பொட்டு வெச்சுகினு? ஈரம் உள்ள பூந்துகீது. போர்டு அவுட்டு. மாத்தணும்."

"தொறந்து பாக்காமலே சொல்றியேப்பா?"

"நம்பலேன்னா உங்க சாமியாண்ட கேளுங்க."

உடம்பெல்லாம் எரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் மீட்டரோடு வந்தார். மகள் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. ப்ராசஸருக்குக் கரண்ட் கொண்டுபோகும் நாலு ஓட்டை ப்ளக்கை அவர் சோதித்தார். ஒயர் லேசாக அசைந்தாலே மீட்டரில் எண் சரிந்தது.

"அண்ணா, இத்த பாதிதான் மாட்டிக்கீறான். தூசி தட்டுனவன் வேலை இது."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. அதன்பிறகும் திரையில் எண் கொஞ்சம் அசைந்தது. வேலைக்குத் தகுந்தபடி அப்படித்தான் அசையுமாம், படுகுழியில் விழுந்தால்தான் தப்பாம். அன்று முழுக்க அணையவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"வண்டில எடுத்துகினு போனப்போ லூசாயிருக்கும் சார். இப்ப சரியாயிடுச்சில்ல? அப்புறம் இன்னா?"

"சாமிய இழுத்தியே, அதுக்கு என்ன சொல்ற?"

அவன் அடுத்த கஸ்டமர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சரியாகிவிட்டதாம்! மகளின் வேலை தப்பியது உண்மை. ஆனால் அந்த மூன்று நாளுக்காக, அவள் முடித்திருந்த சோதனைக் காலத்தை மேலதிகாரி முதலிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டார். முருகன் அந்தக் கடைக்காரனை மன்னித்துவிடலாம், முருகன் கருணைக்கடல். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.