நீலம் குறையாத வட்டம்

2007இல் நான் கடலூர் முதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். குமராட்சிப் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. டிப்ளமோ முடித்த கையோடு வந்து சேர்ந்திருந்தேன். கடையில் ஒரே பெண் நான்தான். ஆம்பளைகள் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லி போன் வந்தால் ஓனர் என்னைத்தான் அனுப்புவார். தோள்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சிடிக் கட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பர் ஒன்று. அந்த ஊர்க் கடல்காற்று கம்ப்யூட்டருக்குள் புகுந்து ராம் கார்டின் பித்தளை நிற முனைகளைக் கறுக்க வைத்துவிடும். கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதிக் கோளாறு போய்விடும். மீதிப் பாதிக்கு ஃபார்மேட்.

அப்போதெல்லாம் எங்களுக்கு எல்லா வியாதிக்கும் அது ஒன்றுதான் மருந்து. எரர் பெட்டி பெட்டியாக வந்தாலும் சரி, தானாக ஆஃப் ஆகி ஆன் ஆனாலும் சரி, ஒரு மணி நேரம் பார்ப்போம். வழிக்கு வராவிட்டால் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுவிடுவோம். அதற்கப்புறம் எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலி கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. கூடவே கொண்டுபோகிற ஹார்டு டிஸ்கிலிருந்து சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, நாலைந்து படம் என்று கொட்டி நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவோம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் செய்வோம். விருந்தாளிக்குக் கடைசியில் வெற்றிலை பாக்குத் தட்டு நீட்டுகிற மாதிரி அது ஒரு மரியாதை.

எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. தெரியாது என்று சொல்ல மாட்டேன். வாசலில் என்னைப் பார்த்ததுமே, "பொண்ண அனுப்பியிருக்காங்களே, இதுக்கு ரிப்பேர் தெரியுமா?" என்று காதுபடவே கேட்பார்கள். ஒரு தடவை தெரியாது என்று சொன்னால் அடுத்த தடவை அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. அதனால் வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு வயதுத் திமிர் என்றும் சொல்லலாம்.

உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் மீனவர் குப்பத்திலிருந்து ஒரு அக்கா கடைக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவர். ஒரே மகள். சுனாமிக்கு மறு வருஷம் அவளைச் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்த்து, கம்ப்யூட்டரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருஷமே மஞ்சள் காமாலை முற்றி மகள் போய்விட்டாள். பழைய ஆல்பங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. சுனாமிக்குப் பிறகு மகளின் தோழி கேமராவில் எடுத்தவை மட்டும்தான் மிச்சம். அவற்றையெல்லாம் மகள் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் போட்டு, அதற்கு 'அம்மா' என்று பெயர் வைத்திருந்தாள். அக்காவுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது அந்த ஒரு பாதைதான். ஆன் பண்ணுவது, இரண்டு முறை தட்டுவது, அந்த ஃபோல்டரைத் திறப்பது.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு என்னாத்தையோ பாக்கணும்னு பென் டிரைவ் போட்டுச்சு பாப்பா. அதுலேர்ந்து இப்புடி ஆவுது. தொறந்தா வேற எங்கியோ போவுது. எம்பொண்ணு போட்டோ வர மாட்டேங்குது" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் இருந்தது. தட்டினால் சம்பந்தமில்லாமல் வேறொரு இடம் திறந்தது. மெனுவில் வழக்கமாக இருக்கிற ஒரு வரியைக் காணோம். அது ஏன் காணோம் என்று நான் யோசிக்கவில்லை. சிடியைப் போட்டு வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன். அது ஒவ்வொன்றாகப் பிடித்து அழித்துக்கொண்டே வந்து, எங்கள் இரண்டு பேர் கண்ணெதிரிலேயே 'அம்மா' ஃபோல்டரையும் அழித்தது. திரையில் அந்த இடம் வெறுமையாகிவிட்டது.

"எங்க பாப்பா போச்சு?"

"வைரஸ் தின்னுடுச்சிக்கா. உள்ள ஒண்ணும் இல்ல."

அக்கா அழவில்லை. என் கையிலிருந்து மவுஸை வாங்கினார். டிரைவின் மேல் வைத்துத் தட்டி ஒரு பெட்டியைத் திறந்தார். இதை அவர் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டிக்குள் ஒரு வட்டம். நிரம்பிய இடம் நீலம், காலி இடம் ரோஸ். முக்கால் வட்டம் நீலமாக இருந்தது.

"எம்பொண்ணு காட்டியிருக்கா. நீலம் நம்ம வச்சது, ரோஸு காலின்னு. நீலம் அப்புடியேதான பாப்பா இருக்குது? கூடையத் தூக்குனா கனம் கொறையல. கனம் கொறையலன்னா மீனு எப்புடிப் போயிருக்கும்? உள்ளதான் இருக்குது. நல்லாத் தேடிப் பாரு."

நான் சிரித்தேன். சத்தம் போட்டு இல்லை, ஆனால் அவருக்குத் தெரிகிற மாதிரி. மீன் விற்கிறவர் எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று பட்டது. "அது அப்படித்தான்க்கா காட்டும். அழிஞ்சாலும் கொஞ்ச நாளைக்கு அந்த எடம் நெறஞ்ச மாதிரியே இருக்கும்" என்றேன். அப்படி ஒரு விஷயமே கிடையாது. அந்த நிமிஷத்தில் நானே கண்டுபிடித்தது. வைரஸ் எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது, முழுசாக ஃபார்மேட் அடித்தால்தான் கம்ப்யூட்டராவது பிழைக்கும் என்றும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "ஒனக்குத் தெரியும். நீ படிச்ச பொண்ணு" என்றார்.

அடித்துவிட்டேன். எல்லா டிரைவும். போட்டோ போன துக்கத்தில் இருக்கிறாரே, காலியாக விட்டுப் போக மனசு வரவில்லை. அன்றைக்கு வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே பாட்டும் படமும் கொட்டினேன். "பாட்டு நெறைய போட்டிருக்கேன்க்கா, கேளுங்க" என்றேன். "எனக்கு எதுக்கும்மா பாட்டு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு நாள் மத்தியானம் ஒரு மாணவி ஓடிவந்தாள். அவளுடைய பென் டிரைவிலும் அதே கதை. ஃபோல்டரைத் தட்டினால் வேறெங்கோ போகிறது. நான் வழக்கம்போல, "போச்சும்மா, வைரஸ் தின்னுடுச்சு" என்றேன். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த சென்டர்காரர், "இரும்மா, எங்க போவப் போவுது" என்று எழுந்து வந்து கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினார்.

எல்லா ஃபோல்டரும் திரும்பி வந்தன. முதலில் மங்கலாக, பாதி உடம்பு தெரிகிற மாதிரி வந்தன. பிறகு முழு நிறம் வந்தது. "இந்த வைரஸு எதையும் திங்காது. நெஜ ஃபோல்டர ஒளிச்சி வச்சிட்டு, அதே பேர்ல, அதே உருவத்துல பொய்யா ஒண்ண முன்னாடி நிறுத்தும். ஸ்கேன் அழிக்கறது பொய்ய மட்டுந்தான். நெஜம் அங்கியே இருக்கும். ஒளிஞ்சதக் காட்டுற வரியையும் மெனுவுலேர்ந்து தூக்கிடும், அதான் கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

மாணவி சிரித்துக்கொண்டே போனாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்த மகளின் போட்டோக்கள் அத்தனையும் நான் சிரித்த அந்த நிமிஷத்தில் அங்கேயே இருந்திருக்கின்றன. வைரஸ் தொடவில்லை. அழித்தது நான்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருஷம் நான் போகவே இல்லை. கடலூர் பஸ் ஏறவே பயந்தேன். எந்தக் கம்ப்யூட்டரில் அந்த வட்டத்தைத் திறந்தாலும் அந்த நீலத்துக்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். மங்கலான ஃபோல்டர் எதையாவது பார்த்தால் திறக்க மாட்டேன், வேறு யாரையாவது திறக்கச் சொல்வேன். சென்டருக்கு வருகிறவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். தெருவில் மீன் கூடைக்காரிகள் குரல் கேட்டால் உள்ளே போய்விடுவேன். அழித்ததை மீட்கிற மென்பொருள்கள் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஃபார்மேட் அடித்தாலும் பழையது அடியில் கிடக்கும், மேலே புதிதாக எதையும் எழுதாதவரைக்கும் எடுத்துவிடலாம் என்று எல்லா இடத்திலும் போட்டிருந்தது. அதன் மேல் எழுதியதும் நானேதான். இரக்கப்பட்டு எழுதினேன்.

2011இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். மென்பொருள் சிடியோடு பஸ்ஸில் ஏறி, ஆலப்பாக்கம் தாண்டும்வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்கா வீட்டில்தான் இருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். "ரிப்பேருகாரப் பொண்ணுதான நீ? வா, உக்காரு" என்றார். கம்ப்யூட்டர் அதே மூலையில், மேலே துவைத்த துண்டு போர்த்தி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே துண்டை எடுத்து ஆன் பண்ணினார்.

"நல்லாதான் ஓடுது பாப்பா. தெனமும் யாவாரம் முடிச்சி வந்து போட்டுப் பாத்துட்டு நிறுத்திருவேன்."

"என்னாக்கா பாப்பீங்க?"

அவர் டிரைவைத் தட்டிப் பெட்டியைத் திறந்தார். வட்டம் வந்தது. முக்காலுக்கும் மேல் நீலம்.

"இதான். நீ போச்சுன்னு சொன்ன. ஆனா கனம் கொறையலியே. அவ உள்ளதான் இருக்கா. எடுக்கத்தான் நமக்குத் தெரியல."

மனப்பாடம் பண்ணி வந்தது எல்லாம் மறந்துவிட்டது. நாலு வருஷமாக இந்த அம்மா என் பாட்டையும் படத்தையும் மகள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எழுந்தும்விட்டேன். பிறகு உட்கார்ந்து சொன்னேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி, எல்லாம் உள்ளே இருந்தது, எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லாமல் அழித்துவிட்டேன், இந்த நீலம் நான் போட்ட பாட்டு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா வட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சொன்னேன்ல" என்றார் கடைசியில். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சிடியைப் போட்டுத் தேடவிட்டேன். நடுவில் கரண்ட் போய் வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. மத்தியானத்துக்குமேல் முடிந்தபோது மகளின் ஃபோல்டர் திரையில் வந்தது. ஃபைல்களின் பெயர்கள் வந்தன. ஒன்றைத் தட்டினேன், திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. பெயர் மட்டும்தான் அவளுடையது, உள்ளே இருப்பது என் பாட்டு. வீட்டுப் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு உள்ளே ஆளை மாற்றிய மாதிரி இருந்தது.

அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகப் பெயர் வைத்திருந்தாள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதியிருக்கா, படி" என்றார்.

"அம்மா கூடையோட."

"நீலப் பொடவ. மழ தூறிக்கிட்டு இருந்துச்சு. வேணாண்டின்னேன், கேக்கல."

"நானும் அம்மாவும் பொங்கல்."

"அவ பச்சத் தாவணி. பொட்டு கோணலா இருக்கும். எடுத்த பொண்ணு சிரிச்சிக்கிட்டே எடுத்துச்சு, கை ஆடிப்போச்சு."

நான் படிக்கப் படிக்க அவர் ஒவ்வொரு படத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். எதற்கும் யோசிக்கவில்லை. என்னால் திறக்க முடியாத படமெல்லாம் அவரிடம் நிறம் மாறாமல் இருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மன்னிக்கப்பட்டுவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒன்று. "அம்மாவுக்கு" என்று படித்தேன்.

அக்கா காத்திருந்தார். "அப்புறம்?"

"அவ்ளோதாங்க்கா. 'அம்மாவுக்கு'. இது போட்டோ இல்ல. பேசிப் பதிவு பண்ணது."

"அதெல்லாம் எனக்கு எதுவும் காட்டலியே" என்றார். பக்கத்தில் இருந்த தேதியைப் படித்துச் சொன்னேன். அவள் காய்ச்சலோடு கடைசியாகக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்கள் அவை என்றார். அக்கா பகலெல்லாம் மீன் விற்கப் போயிருப்பார். வீட்டில் அவள் தனியாக இருந்திருப்பாள்.

தட்டினேன். திறக்கவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். மீன் வாசமும் சோப்பு வாசமும் கலந்த கை.

"வுடு பாப்பா. அது எவ்ளோ கனம் இருந்துச்சு? அதாவது தெரியுமா?"

தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் அளவும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை நானாகக் கண்டுபிடித்து எதுவும் சொல்லவில்லை.

"ரெண்டு நிமிஷம் பேசியிருக்காக்கா."

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நொடி முள் மேலே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்று முடிந்தபோது, "ரெண்டு நிமிஷம் ஆச்சுக்கா" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.